படத்தின் நடுவில் நிற்பவரிடம் முதலில் கேளுங்கள்

நெல்லை மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து பிளஸ் டூ மாணவர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

அவருடைய வகுப்பு, பிரிவு உபசார விழாவுக்காக ஒரு நினைவு மலர் தயாரிக்கிறது. ஆளுக்கு அரைப் பக்கம் கையால் எழுதித் தர வேண்டும். நகலெடுத்து, ஸ்பைரல் பைண்டிங் செய்து, எல்லோருக்கும் ஒரு பிரதி. தொகுக்கும் பொறுப்பு இவருக்கு. வந்த பக்கங்களில் ஏழாண்டு வாழ்க்கை இருக்கிறது. ஆறாம் வகுப்பு முடியுமுன்னே கொரோனாவுக்காகப் பள்ளியை மூடியது, ஏழாம் வகுப்பு முழுவதையும் அப்பாவின் செல்பேசியிலும் கல்வித் தொலைக்காட்சியிலும் படித்தது, 2021 நவம்பரில் முகக்கவசத்தோடு திரும்பி வந்தபோது பாதிப் பேரின் குரல் மாறியிருந்தது, பாபநாசம் சுற்றுலா, ஆனித் தேரோட்டத்துக்கு விடும் உள்ளூர் விடுமுறை, பிளஸ் ஒன்னில் கிடைத்த விலையில்லா சைக்கிள். அதிகம் பேர் எழுதியிருப்பது 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி. அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போக, பள்ளிக்கூடத்திலேயே தங்கியிருந்த குடும்பங்களுக்கு இவர்கள் சோறு பரிமாறியிருக்கிறார்கள். “அந்த நாலு நாளும் யார் எந்தத் தெரு என்று யாரும் பார்க்கவில்லை” என்று ஒரு மாணவி எழுதியிருக்கிறாராம்.

ஒன்பதாம் வகுப்புக் கபடி அணியின் படமும் வந்திருக்கிறது. நடுவில் நிற்பவர் அணித்தலைவர். பட்டியல் சாதியைச் சேர்ந்த அந்த மாணவரை உடற்கல்வி ஆசிரியர் தலைவராக்கியதும், கையில் தங்கள் சாதிக்கென்று ஒரே நிறக் கயிறு கட்டிய சிலர் அவருக்குக் கீழே ஆட மாட்டோம் என்றார்கள். வாரக்கணக்கில் பெயரைச் சொல்லாமல் தெருவைச் சொல்லியும் சாதியைச் சொல்லியும் கூப்பிட்டார்கள். ஒரு மாலை, டவுன் பஸ் கால்வாய்ப் பாலத்தைக் கடக்கும்போது அவருடைய பையைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினார்கள். தடுத்த அவருக்கு அடியும் விழுந்தது. அடுத்த வாரம் அவருடைய அப்பா வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

“அடித்தவர்களில் நான் இல்லை. ஆனால் என் கையிலும் அதே கயிறு இருந்தது. ஜன்னல் ஓர சீட்டில் உட்கார்ந்து சிரித்தேன். மறுவருடம் நாங்குநேரியில் ஒரு மாணவரைச் சக மாணவர்கள் வெட்டிய செய்தி வந்த அன்று வகுப்பில் யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் அவன் நினைவு வந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.” படத்தில் அவரை வெட்டிவிடலாம் என்று நண்பர்கள் முடிவு செய்துவிட்டார்கள். இவருக்குத் தூக்கம் வரவில்லை. முழுப் படத்தையும் போட்டு, நடந்ததைப் பெயர்களோடு எழுதி, மன்னிப்புக் கேட்டு, அதை விழா மேடையிலும் வாசிக்கலாமா என்று கேட்கிறார். வகுப்பாசிரியை, “இப்போது எதற்கு அது?” என்கிறார். அப்பா, “அது கோயில் கயிறு, சின்ன வயதுச் சண்டை” என்கிறார். நண்பர், “எழுதினால் கேஸ் ஆகிவிடும்” என்கிறார். கடிதத்தின் அடியில் இன்னொரு வரி: “அந்தப் பஸ்ஸில் இப்போதும் ஓர் எட்டாம் வகுப்புப் பையனுக்கு இது நடக்கிறது.”

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதினேழு வயதில், பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே உங்கள் சிரிப்பை நீங்களே எடுத்துச் சொல்லியிருக்கிறீர்கள். அதை மதித்துத்தான் ஒளிக்காமல் பேசுகிறேன். நீங்கள் செய்ய நினைப்பது சரி. செய்ய நினைக்கும் வரிசை சரியில்லை. மலர், மேடை, பிறகு அந்த அணித்தலைவர் என்று யோசிக்கிறீர்கள். அவர் முதலில் வர வேண்டும். அவர் என்ன சொல்கிறாரோ அதற்குப் பிறகுதான் மலர். மேடை வேண்டவே வேண்டாம்.

படத்தை வெட்டலாமா?

வெட்டாதீர்கள். முழுதாகப் போடுங்கள், அல்லது போடவே வேண்டாம். அவரைத் தலைவராகக் கொண்டு ஆடிய அணியின் படத்தில் அவரை மட்டும் நீக்குவது, பையை வீசியவர்கள் தொடங்கிய வேலையை மூன்றாண்டு கழித்து வகுப்பே சேர்ந்து முடித்துக் கொடுப்பதாகும். உங்கள் நண்பர்கள் இதைக் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்றே நினைக்கிறேன். அந்த முகத்தைப் பார்க்க அவர்களுக்கும் கூச்சமாக இருக்கிறது. வெட்டிவிட்டால் கூச்சம் போய்விடும் என்று நம்புகிறார்கள்.

வெள்ளத்தைப் பற்றிய பக்கங்கள் பொய்யா என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். பொய்யில்லை. அந்த நாட்களில் உங்கள் வகுப்பு அப்படித்தான் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அந்தப் பஸ்ஸில் இருந்ததும் அதே வகுப்புதான். ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடாது. யார் எந்தத் தெரு என்று பார்க்காமல் இருக்க உங்களுக்குத் தெரியும் என்பதை வெள்ளம் காட்டிவிட்டது. அதனால்தான் ஒன்பதாம் வகுப்பில் நடந்ததற்குச் சின்ன வயது என்ற சாக்கு போதவில்லை. அப்பா சொல்லும் சின்ன வயதுச் சண்டை என்றால் இரு பக்கமும் அடித்துக்கொண்டிருக்க வேண்டும்; மறுநாளே சேர்ந்து விளையாடியிருக்க வேண்டும். இங்கே ஒருவர் பள்ளியை விட்டே போயிருக்கிறார்.

கயிறு விஷயத்தில் அப்பாவோடு வாதாட வேண்டாம். நெல்லையப்பர் கோயிலிலோ குலதெய்வத்தின் கொடையிலோ கட்டிக்கொள்ளும் கயிற்றைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. எந்தத் தெருவுக்கு எந்த நிறம் என்று பிரித்துக் கட்டுவது வேறு காரியம். அந்த வேறுபாடு உங்களுக்குத் தெரியும். பாளையங்கோட்டைக்கு டியூஷன் போகத் தொடங்கியபோது கழற்றி வைத்துவிட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக் கல்வித் துறை இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019இலேயே சுற்றறிக்கை அனுப்பியது. நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த, ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. நிறக் கயிறு கூடாது, வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. உங்கள் வகுப்பில் எந்தப் பெஞ்சில் யார் உட்கார்ந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பரிந்துரை ஏன் வந்தது என்பது விளங்கும்.

மலருக்கு முன்னால் அவர்

உங்கள் கடிதத்தில் மூன்று எண்ணங்களை மெதுவாகத் திருத்த வேண்டியிருக்கிறது.

“இப்போது வேறு பள்ளியில் நன்றாக இருக்கிறானாம், மறந்திருப்பான்” என்கிறீர்கள். இது யாரோ சொன்ன செய்தி. மறந்தும் இருக்கலாம். இன்றும் பஸ்ஸில் ஏறியதும் யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறாரோ என்னவோ. என்னிடம் ஆலோசனைக்கு வரும் பிள்ளைகள் பலர் அடித்தவர்களைப் பற்றிப் பேசுவதைவிட, சுற்றி நின்று பார்த்தவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். அடித்தவன் எதிரி, அவனிடம் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. பக்கத்துப் பெஞ்சுக்காரன் சிரித்தது விளங்காமல் கிடக்கிறது.

“எழுதிவிட்டால் பாரம் இறங்கிவிடும்” என்கிறீர்கள். உங்களுக்கு இறங்கலாம். அவருக்கு ஏறலாம். தன் வாழ்க்கையின் மோசமான மாலைப்பொழுது, தான் இல்லாத ஒரு வகுப்பின் மலரில், எல்லா வீட்டு அலமாரிகளிலும் இருக்கப்போகிறது என்பதை அவர் வேறு யார் வழியாகவோ தெரிந்துகொண்டால் எப்படி இருக்கும்? அந்தக் கதை அவருடையது. அதைச் சொல்வதா, எங்கே, எந்த அளவுக்கு என்று முடிவு செய்யும் உரிமையும் அவருடையதுதான்.

“நேரில் போய்க் காலில் விழக்கூடத் தயார்” என்கிறீர்கள். வேண்டாம் தம்பி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது நினைவிருக்கும். பள்ளியில் தன்னைத் துன்புறுத்தியவர்களைப் பற்றி வாய் திறந்த மாணவரை, சக மாணவர்கள் வீடு தேடிப் போய் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. (அந்த மாணவர் 2024இல் பிளஸ் டூ எழுதித் தேறினார் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.) அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து ஊர்களில், பழைய பள்ளிக்கூடத்துப் பையன்கள் சாயங்காலம் தெருவுக்குள் வருவதை ஒரு தாய் எப்படிப் பார்ப்பாள் என்று யோசியுங்கள். உங்கள் மனத்தில் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? உங்களைப் பார்த்த உங்கள் தெருக்காரர்கள் வேறு கதை கட்டினால் ஆபத்து அவர்கள் வீட்டுக்குத்தான். தனியாகவும் போகாதீர்கள், கூட்டமாகவும் போகாதீர்கள்.

வழி இருக்கிறது. அவரைத் தலைவராக்கிய உடற்கல்வி ஆசிரியர் இன்னும் உங்கள் பள்ளியில்தான் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். அந்த மாணவரோடு அவருக்குத் தொடர்பு இருக்கக்கூடும். அவர்மேல் அந்த மாணவருக்கு நம்பிக்கை இருக்கவும் வாய்ப்புண்டு. ஒரு பக்கத்துக்கு மிகாமல் கடிதம் எழுதிக் கொடுத்து, அந்த மாணவர் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தால் மட்டும் சேர்ப்பிக்கச் சொல்லுங்கள்.

கடிதத்தில் உங்கள் பங்கை மட்டும் எழுதுங்கள். மற்றவர்கள் செய்ததை அவர்கள்தான் சொல்ல வேண்டும். “ஆனால்” என்ற சொல் வந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். அதற்குப் பின்னால் ஒரு நியாயம் ஒளிந்திருக்கும். மன்னித்துவிடு என்று கேட்காதீர்கள். அது அவர்மேல் ஒரு வேலையைச் சுமத்துகிறது. ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

“ஒன்பதாம் வகுப்பில் பஸ்ஸில் உன் பையை வீசியபோது நான் அங்கே இருந்தேன். தடுக்கவில்லை. சிரித்தேன். அது தவறு என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். நீ பள்ளியை விட்டுப் போனதில் எனக்கும் பங்கு உண்டு. அதற்காக வருந்துகிறேன். எங்கள் மலரில் நம் கபடி அணியின் படத்தைப் போட விரும்புகிறோம். உனக்கு விருப்பமில்லை என்றால் போட மாட்டோம். நீ இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.”

பதிலில் கோபம் இருக்கலாம். வசை இருக்கலாம். உங்களை விட அதிகமாகச் செய்தவர்கள் சும்மா இருக்க, எழுதிய உங்கள்மேல் எல்லாம் வந்து விழலாம். தாங்கிக்கொள்ளுங்கள், விளக்கம் சொல்லி மறுகடிதம் எழுதாதீர்கள். பதிலே வராமலும் போகலாம். வராததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு படத்தைப் போட்டுவிடக் கூடாது. விழாவுக்குள் ஒன்றும் தெரியாவிட்டால் மலர் அந்தப் படம் இல்லாமலே வரட்டும். பள்ளி முடிகிறதே என்று அவசரப்படுகிறீர்கள். உங்கள் பள்ளிக்கூடம் முடியும் தேதிக்கும் அவர் மனம் திறக்கும் நாளுக்கும் தொடர்பில்லை. பதில் கல்லூரிக் காலத்திலும் வரலாம்.

அவர் சம்மதித்தாலும் பெயர்களைப் பட்டியலிடாதீர்கள். பையை வீசியவர்களின் பெயரை அச்சில் ஏற்றினால், வருந்த நினைத்தவர்கள்கூட முரண்டு பிடிப்பார்கள். “நான்” என்று தொடங்கும் நான்கு வரி போதும். அதைப் படித்துவிட்டு இன்னொருவர் தன் பக்கத்தைத் திருப்பி வாங்கி மாற்றி எழுதித் தந்தால், அது நீங்கள் கட்டாயப்படுத்திப் பெற முடியாத ஒன்று.

“கேஸ் ஆகிவிடும்” என்ற பயம்

இதை மழுப்பாமல் சொல்கிறேன். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை, பிறர் காண, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மாணவர்கள் என்பதால் அது குற்றமில்லாமல் போகாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் செய்தால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். பெரியவர்களுக்கான சிறைக்கு அனுப்ப மாட்டார்கள். சம்பவம் நடந்த நாளில் இருந்த வயதுதான் கணக்கு. உங்களுக்கு அப்போது பதினான்கு.

உங்கள் கடிதத்தால் வழக்கு வரவே வராது என்று என்னால் உறுதி தர முடியாது. அதற்காக மன்னிப்பை விட்டுவிடவும் சொல்ல மாட்டேன். புகார் கொடுப்பது அவருடைய உரிமை. நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அது அவரிடம் இருக்கிறது. புகார் வராமல் பார்த்துக்கொள்ளத்தான் எழுதுகிறோம் என்ற எண்ணம் கடுகளவு இருந்தாலும் எழுதாதீர்கள். “யாரிடமும் சொல்லாதே” என்று ஒரு வரி சேர்த்தால் மன்னிப்பு அங்கேயே மிரட்டலாக மாறிவிடும். சட்டத்தின் பக்கம் தெளிவு வேண்டுமானால், எழுதுவதற்கு முன்பே அப்பாவையோ அம்மாவையோ அழைத்துக்கொண்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். குழந்தைகளுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். பட்டியல் சாதியினருக்கும் அப்படித்தான் என்பதால், அந்த மாணவரும் வேண்டுமானால் அதே கதவைத் தட்டலாம்.

மேடை வேண்டாம்

மைக்கில் நீங்கள் வாசிக்கத் தொடங்கியதும் பத்துப் பேர் செல்பேசியைத் தூக்குவார்கள். அன்று இரவுக்குள் அது ஊர் ஊராக வாட்ஸ்அப்பில் போகும். அவருடைய பெயரைச் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் யாரென்று தெரியும். வீசியவர்கள் பெற்றோர் முன்னால் தலைகுனிந்து, தலைகுனிந்த வேகத்தில் கோபமாகி, அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. மேடையில் உங்களுக்குக் கைதட்டல்கூடக் கிடைக்கலாம். அந்தக் கைதட்டல் உங்களுக்கு வேண்டியதில்லை.

வகுப்பாசிரியையைக் கோழை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். தேர்வு நெருங்கும்போது வகுப்பு இரண்டாக உடைந்துவிடக் கூடாதே என்று அவர் பயப்படுகிறார். பயம் நியாயமானது; அதற்காக அவர் காட்டும் வழிதான் போதாது. மேடையில் வாசிக்கப்போவதில்லை, பெயர்கள் இல்லை, அந்த மாணவரின் சம்மதம் இல்லாமல் ஒன்றும் வராது என்று நீங்கள் சொன்னால் அவருடைய மறுப்பு பெருமளவு தளரும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படியும் அந்தப் பக்கம் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அந்த மாணவருக்கு எழுதும் கடிதத்தை யாரும் தணிக்கை செய்ய முடியாது.

தூக்கம் வராததைப் பற்றி: வாரக்கணக்கில் இப்படியே போனால் தேர்வுப் பதற்றத்தோடு சேர்ந்து உடம்பைக் கெடுக்கும். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இலவச மனநல உதவி இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். வெட்கப்பட வேண்டியதைச் செய்தோம் என்று உணர்வது நோயல்ல. நான் வெட்கப்பட வேண்டிய ஆள் மட்டும்தான், வேறொன்றுமில்லை என்று தோன்ற ஆரம்பித்தால் அன்றைக்கே பேசுங்கள்.

இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பஸ்

கடிதத்தின் அடியில் ஒற்றை வரியாக எழுதியதைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்பேன். மூன்றாண்டுக்கு முந்தைய மாலையைப் பற்றி நான்கு பக்கம் எழுதிய நீங்கள், இந்த வாரம் அதே பஸ்ஸில் சீட்டு கிடைக்காமல் நிற்கும் எட்டாம் வகுப்புப் பையனைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். இதற்கு யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டாம்; மலர் வெளியாகும் நாள் வரை தள்ளிப்போடவும் கூடாது.

தலைமையாசிரியரைப் பாருங்கள். எந்த நேரத்துப் பஸ், எந்த நிறுத்தத்துக்குப் பிறகு, என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். பாதிக்கப்படும் பையனின் பெயரைப் புகாராக எழுதிக் கொடுக்காதீர்கள். புகார் சொன்னது அவன்தான் என்று பரவினால் அவனுக்குத்தான் அடி விழும். ஆசிரியர் ஒருவர் அந்தப் பஸ்ஸில் கூடவே போய் வரட்டும். நடத்துநரிடம் பள்ளியின் சார்பில் பேசட்டும். தலைமையாசிரியர் அசையவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தை ஒன்றுக்கு உடனடி ஆபத்து என்றால் 1098.

நீங்களும் தேர்வு முடியும் வரை அந்தப் பஸ்ஸில்தான் போகப்போகிறீர்கள். கயிறு கட்டியவர்களோடு சண்டைக்குப் போக வேண்டாம். அந்தப் பையன் ஏறும்போது உங்கள் சீட்டில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். பிளஸ் டூ அண்ணன் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பையைப் பிடுங்க யோசிப்பார்கள். நாளைக்கே தொடங்கலாம்.